கையெழுத்துப் போட்டு ஆறு நாள்: டிஸ்னி பாயின்ட்டை வைத்துக்கொள்வதா, விடுவதா?

கேள்வி: "நாங்கள் சார்லட்டில் இருக்கிறோம். நான், மனைவி, 7 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஆர்லாண்டோ போனபோது டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் ரிவியரா ரிசார்ட்டுக்கு 150 பாயின்ட் வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். பத்து வருடக் கடன். ஆறு நாள் ஆகிறது. ரீசேலில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நண்பர் சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை. வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டால் எப்படிப் பயன்படுத்துவது?"

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். நீங்கள் வாங்கியது ஒரு டைம்ஷேர், அதாவது விடுமுறை விடுதியில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமை. ஃப்ளோரிடா சட்டப்படி டைம்ஷேர் வாங்கியவருக்கு மனம் மாற 10 நாள் உண்டு. கையெழுத்துப் போட்ட நாள், கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இந்த இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்துத்தான். ஆக உங்களுக்கு இன்னும் நான்கு நாள். ஒப்பந்தத்திலேயே ரத்துக் கடிதம் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று போட்டிருக்கும். ஒப்பந்த எண், இருவர் பெயர், "ரத்து செய்கிறோம்" என்ற ஒரே வரி, இருவர் கையெழுத்து, இவ்வளவு போதும். காரணம் எழுத வேண்டாம். போஸ்ட் ஆபீசில் சர்டிஃபைட் மெயிலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு. உங்களுக்கு விற்றவரிடம் போனில் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே விற்பனைக்காரரைக் 'கைட்' என்பார்கள்; பண்பாகத்தான் பேசுவார்கள், ஆனால் உங்கள் ரத்து எழுத்தில் இருக்க வேண்டும்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். நான் 2014ல் இந்தக் கிளப்பில் அனிமல் கிங்டம் வில்லாஸில் 160 பாயின்ட் ரீசேலில் வாங்கினேன். வருத்தமில்லை. ஆனால் இதைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்வதும் இல்லை.

நீங்கள் வாங்கியிருப்பது ஒரு கட்டடத்தில் ஒரு துளிப் பங்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. பழைய டைம்ஷேரில் "ஜூலை மூன்றாம் வாரம், 204ஆம் எண் அறை" என்று வாரமே உங்களுடையது. பாயின்ட் முறையில் அந்த வாரத்தைச் சில்லறையாக மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆண்டுதோறும் 150 பாயின்ட் உங்கள் கணக்கில் விழும். எந்த ரிசார்ட், எந்த மாதம், எவ்வளவு பெரிய அறை என்பதைப் பொறுத்துச் செலவழிப்பீர்கள். ஐரோப்பாவில் ஹாப்பிமாக் என்ற நிறுவனம் 1963லேயே இதைத் தொடங்கிவிட்டது. டிஸ்னி 1991ல் ஆர்லாண்டோவில் தொடங்கியது. அந்த முதல் ரிசார்ட்தான் இப்போது ஓல்டு கீ வெஸ்ட். ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் ஒரு முடிவு ஆண்டு உண்டு: போர்டுவாக், பீச் கிளப் போன்றவை 2042ல் முடிகின்றன, சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054ல், அனிமல் கிங்டம் 2057ல், உங்கள் ரிவியரா 2070ல். அன்றைக்கு எல்லாம் டிஸ்னிக்கே திரும்பிவிடும்.

நம் ஆட்களுக்கு மட்டுமே உரிய ஒரு வேடிக்கை இதில் இருக்கிறது. எச்1பி விசாவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர் 2070 வரைக்கும் ஃப்ளோரிடாவில் விடுமுறைக்கு ஒப்பந்தம் போடுகிறார். உங்கள் நிலை எனக்குத் தெரியாது. ஆனால் வேலை போய், 60 நாளில் வேறு வேலை தேட வேண்டிய நிலை வந்தால் இந்தத் தவணை உங்களை விடாது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பணக் கணக்கு. டிஸ்னியிடம் நேரடியாக வாங்கினால் ரிவியரா போன்ற புது ரிசார்ட்டில் பாயின்ட்டுக்கு 200 டாலருக்கு மேல். 230 என்று வைத்துக்கொண்டால் 150 பாயின்ட்டுக்கு 34,500 டாலர். பத்து சதவீதம் முன்பணம் கட்டி, மீதி 31,050க்குப் பத்து ஆண்டுக் கடன், வட்டி 11 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 428 டாலர். பத்து ஆண்டில் வட்டி மட்டும் 20,000 டாலரைத் தாண்டும். உங்கள் காகிதத்தில் வட்டி விகிதம் வேறாக இருக்கலாம். எடுத்துப் பார்த்துப் போட்டுப் பாருங்கள். விடுமுறைக்குக் கடன் வாங்குவது எனக்கு எப்போதும் ஒப்பாத விஷயம், இது என் சொந்த அபிப்பிராயம்.

தவணை ஒருநாள் முடியும். முடியாதது ஆண்டுக் கட்டணம். டியூஸ் என்பார்கள். பெயின்ட் அடிப்பது, மெத்தை மாற்றுவது, இன்ஷூரன்ஸ், சொத்து வரி எல்லாம் இதிலிருந்துதான். ஆர்லாண்டோ ரிசார்ட்டுகளில் இப்போது பாயின்ட்டுக்கு ஏறக்குறைய 8 முதல் 11 டாலர் வரை. 9 என்றால் உங்களுக்கு வருடம் 1,350 டாலர். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் 18 ஆண்டில் இரட்டிப்பாகிவிடும். உங்கள் சின்னப் பிள்ளைக்கு 22 வயதாகும்போது 2,700. யானை வாங்கும்போது தீனிக் கணக்கையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்?

நண்பர் சொன்ன ரீசேல் உண்மைதான். ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து தரகர் வழியாக வாங்குவது. சரடோகா ஸ்பிரிங்ஸ் போன்ற பெரிய ரிசார்ட்டில் பாயின்ட் சுமார் 100 டாலருக்குக் கிடைக்கிறது. 150 பாயின்ட் 15,000 டாலர், பத்திரச் செலவு தனி. இன்னும் 28 ஆண்டு இருக்கிறது என்று வகுத்தால் பாயின்ட்டுக்கு வருடம் மூன்றரை டாலர், டியூஸ் 9, மொத்தம் பன்னிரண்டரை. நீங்கள் வாங்கியதை இதே போல 44 ஆண்டுக்கு வகுத்தால் ஐந்தேகால், டியூஸோடு பதினாலேகால். வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறதா? அந்த 44 ஆண்டில் பாதிக்குமேல் உங்கள் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளோடு இருக்கப்போகிற காலம். தவிர கடன் வட்டியை இதில் சேர்க்கவில்லை.

ரீசேலில் உரிமை கொஞ்சம் குறைவு, அதையும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரி 19க்குப் பிறகு பழைய 14 ரிசார்ட்டுகளின் பாயின்ட்டை ரீசேலில் வாங்கியவர், அந்த 14க்குள்தான் புழங்க முடியும். ரிவியராவுக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் போக முடியாது. ரிவியராவை ரீசேலில் வாங்கினால் ரிவியராவில் மட்டுமே தங்கலாம். இந்த இரண்டாவது விதிதான் உங்களைச் சுடும்: நாளை நீங்கள் விற்கப் போனால், வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு ரிசார்ட். அதனால் போட்ட பணத்தில் பாதி அளவுதான் திரும்பி வரும். டிக்கெட்டில் தள்ளுபடி, உறுப்பினர் லவுஞ்ச் போன்ற சலுகைகளும் ரீசேல்காரருக்குக் கிடையாது. அந்தச் சலுகைக்காக மட்டும் 20,000 டாலர் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. இன்னொன்று, ரீசேலில் விலை பேசி முடித்த பிறகும் டிஸ்னி "அதே விலைக்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லலாம். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. 30 நாள் வரை காத்திருக்க வேண்டும்.

வைத்துக்கொண்டால் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டீர்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன்.

நீங்கள் வாங்கிய ரிசார்ட் உங்கள் ஹோம் ரிசார்ட். அதற்கு மட்டும் 11 மாதம் முன்பே அறை பிடிக்கலாம். மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதம் முன்புதான். விற்கும்போது "எங்கே வேண்டுமானாலும் தங்கலாம்" என்பார்கள். தங்கலாம், மிச்சம் இருந்தால். டிசம்பர் முதல் இரண்டு வாரம், கிறிஸ்துமஸ், ஜனவரி மாரத்தான் சமயம் எல்லாம் 11 மாதத்திலேயே தீர்ந்துவிடும். எங்கள் அனிமல் கிங்டமில் வேல்யூ ஸ்டுடியோ என்று ஒரு வகை, ஒற்றை அறைதான், பாயின்ட் குறைவு, எண்ணிக்கையும் மிகக் குறைவு. சரியாக 11 மாதம் முன்பு, கிழக்கு நேரம் காலை 8 மணிக்குக் கதவு திறக்கும். நான் 7:55க்கே லேப்டாப்பைத் திறந்து, தேதியைப் போட்டு, விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 8:00, அறை இருக்கிறது. சமையலறையிலிருந்து மனைவி "தோசை ஆறிப்போகுது" என்கிறாள், திரும்பிப் பார்த்தேன். 8:01, இல்லை. பொங்கலுக்கு ஊர் போக ரயில் டிக்கெட் போட்டவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. சிலர் பத்து நாள் முந்தைய தேதிக்கே அறையைப் பிடித்து, தினமும் ஒரு நாள் தள்ளித் தள்ளி வேண்டிய தேதிக்குக் கொண்டுவருவார்கள். இதற்கு 'வாக்கிங்' என்று பெயர். பிடிக்காதவர்கள் நிறையப் பேர், ஆனால் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வெயிட்டிங் லிஸ்ட் உண்டு. போட்டு வையுங்கள், எனக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது.

வெள்ளி, சனி இரவுகளுக்குப் பாயின்ட் அதிகம். ஞாயிறு போய் வெள்ளி காலை கிளம்பினால் கொஞ்சம் மிச்சம். பள்ளிக்கூடம் இருக்கிறவர்களுக்கு அது எப்படி முடியும் என்று கேட்காதீர்கள்.

அடுத்து யூஸ் இயர். உங்கள் பாயின்ட் எந்த மாதம் கணக்கில் விழுகிறதோ அது. ஒப்பந்தத்தில் பாருங்கள், பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், டிசம்பர், இந்த எட்டில் ஒன்றாக இருக்கும். விழுந்த பாயின்ட்டை முதல் 8 மாதத்துக்குள் அடுத்த ஆண்டுக்கு 'பேங்க்' செய்யலாம். ஒரு முறைதான், மறுபடி தள்ள முடியாது. அடுத்த ஆண்டுப் பாயின்ட்டை இந்த ஆண்டுக்குக் கடனாக எடுக்கலாம். எடுத்தால் திருப்பி வைக்க முடியாது.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. என் கதையைக் கேளுங்கள். எனக்கு பிப்ரவரி யூஸ் இயர். பேங்க் செய்யக் கடைசி நாள் செப்டம்பர் 30. 2019 டிசம்பர் கடைசி வாரத்துக்கு 96 பாயின்ட்டில் அறை போட்டிருந்தேன். கிளம்ப 12 நாள் இருக்கும்போது விருதுநகரில் அப்பாவுக்குப் பக்கவாதம் என்று போன் வந்தது. அறையை ரத்து செய்துவிட்டு அன்றிரவே விமானம் ஏறினேன். தங்குவதற்கு 30 நாளுக்குள் ரத்து செய்தால் பாயின்ட் 'ஹோல்டிங்' என்ற தனிக் கணக்குக்குப் போய்விடும்; அதை வைத்து அடுத்த 60 நாளுக்குள் வரும் தேதிக்குத்தான் அறை போட முடியும், அதுவும் யூஸ் இயர் முடிவதற்குள். பேங்க் செய்யவும் முடியாது. ஜனவரி 31ஆம் தேதி நான் மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். 96 பாயின்ட்டும் போயின. விதி அப்படி, எழுதியே கொடுத்திருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. ஜூன் யூஸ் இயர் வைத்திருந்தால், ஹோல்டிங்கில் இருந்தாலும் மே 31 வரை பயன்படுத்த நேரம் இருந்திருக்கும். அதோடு ஒரு மாதம் முன்பே ரத்து செய்ய நேர்ந்திருந்தால், ஜனவரி 31 வரை பேங்க் செய்யவும் முடிந்திருக்கும். எனவே நீங்கள் வழக்கமாக எந்த மாதம் போவீர்களோ, அதற்குச் சற்று முன்னால் தொடங்கும் யூஸ் இயராகப் பார்த்து வாங்க வேண்டும். உங்கள் கைட் இதைக் கேட்டாரா?

பாயின்ட் கொடுத்துத் தங்குவது அறைக்கு மட்டும். பார்க் டிக்கெட் இதில் இல்லை, சாப்பாடு இல்லை. வாங்கிய பிறகு இதைக் கேட்டு முகம் வாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் அறை சுத்தம் செய்ய வர மாட்டார்கள். ஒரு வாரத்துக்கு நடுவில் ஒருநாள் வந்து குப்பை எடுத்து, துண்டு மாற்றித் தருவார்கள். ஆனால் ஒன் பெட்ரூமில் முழுச் சமையலறை, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் உண்டு. எங்களுக்கு அதுதான் ஹைலைட். சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், ஆவக்காய், ரவை. வெயிலில் அலைந்துவிட்டு வந்து அம்மா பால்கனியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறார், கீழே இருபதடி தூரத்தில் ஒட்டகச்சிவிங்கி இலை மென்றுகொண்டிருக்கிறது. "அதுவும் சாப்பிடுது, நானும் சாப்பிடுறேன்" என்றார். அந்த ஒரு சாயங்காலத்துக்காக நான் டியூஸ் கட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் இந்த ஒன் பெட்ரூமுக்கு ஸ்டுடியோவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாயின்ட். உங்கள் 150, ரிவியராவில் பெரிய கூட்டமில்லாத காலத்தில் ஸ்டுடியோவில் ஒரு வாரத்துக்குச் சரியாக இருக்கும். ஊரிலிருந்து ஒருவர் வந்தால் ஐந்து பேருக்கு ஸ்டுடியோ நெருக்கம்; பெற்றோர் இருவரும் வந்தால் ஆறு பேருக்கு ஒன் பெட்ரூமும் போதாது. இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு வருடம் ஊர், மறு வருடம் இங்கே என்று போகிறவர் ஊர் போகும் வருடப் பாயின்ட்டைக் கெடுவுக்குள் பேங்க் செய்துவிட்டால், மறு வருடம் 300 கையில் இருக்கும். ஒன் பெட்ரூமில் ஒரு வாரம். டியூஸ் மட்டும் இரண்டு வருடமும் போகும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மற்ற டைம்ஷேர் கம்பெனிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இனிமேல் உங்களுக்கு நிறைய அழைப்பு வரும். டென்னசி மலை ஊர் ஒன்றில் "90 நிமிடம் கேட்டால் 100 டாலர் கார்டு" என்று ஒரு கம்பெனி கூப்பிட்டதை நம்பி நானும் மனைவியும் போனோம். நான்கு மணி நேரம். முதலில் ஒருவர், அப்புறம் மேனேஜர், அப்புறம் மேனேஜருக்கு மேனேஜர். விலை ஒவ்வொரு முறையும் இறங்குகிறது, ஒவ்வொரு விலையும் "இன்றைக்கு மட்டும்". குழந்தை அழுததால் தப்பித்தோம். அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் பலவற்றுக்கு முடிவு தேதியே கிடையாது. இணையத்தில் ஒரு டாலருக்கு அந்தப் பாயின்ட்டைத் தள்ளிவிடப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்க ஆள் இல்லை, ஏனென்றால் கூடவே ஆண்டுக் கட்டணமும் வருகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். டிஸ்னி பாயின்ட்டுக்கு ஓரளவு மறுவிலை இருப்பதும், ஒரு தேதியில் முடிந்து போவதும்தான் அதன் பெரிய பலம். முடிவு தேதியைக் குறையாகச் சொல்கிறவர்களை நான் ஏற்பதில்லை. "உங்கள் டைம்ஷேரை விற்றுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று யார் போன் செய்தாலும் வைத்துவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: ரத்து செய்யுங்கள். கடன் போட்டு, ரிவியராவை, இந்த விலைக்கு வைத்துக்கொள்ள ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை. ஆசை தீரவில்லை என்றால், அடுத்த முறை போகும்போது ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரிடம் பாயின்ட்டை வாடகைக்கு எடுங்கள். தரகர் வழியாக எடுத்தால் பாயின்ட்டுக்கு 20 டாலரை ஒட்டி வரும். அப்படி வாடகைக்கு எடுத்த அறையை ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் திரும்பாது, அதுதான் பெரிய ரிஸ்க். ஒன் பெட்ரூம் எடுத்துப் பாருங்கள். பதினொரு மாதம் முன்பே லீவு சொல்ல உங்கள் ஆபீஸ் விடுகிறதா, பள்ளி அட்டவணை ஒத்து வருகிறதா, அதே ஊருக்கு மறுபடி போக உங்கள் மனைவிக்கு மனம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். மூன்றுக்கும் ஆம் என்றால், கையில் ரொக்கம் சேர்த்து, பழைய 14ல் ஒன்றை ரீசேலில் பாருங்கள்.

கடிதத்தை இன்றிரவே எழுதி வையுங்கள். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஒப்பந்த எண்ணைப் பார்த்துச் சரியாக எழுதுங்கள்.